லிபெர்த்தா வட்டத்து வழக்கு

கோபாலசிங்கம் சிசிலியின் ஆளுநராகப் பதவியேற்றது ஒரு திங்கட்கிழமை காலை, புரொபெசோரேயின் இடது கன்னத்துக்குச் சவர்க்கார நுரை பூசிக்கொண்டிருந்தபோது. அதற்கு முன்னர் அவர் வெறும் பலெர்மோத் தமிழர் மன்றத் தலைவர் மட்டும்தான். அந்தப் பதவிக்கும் வேறு ஒருவரும் கேட்டு வரவில்லை. ஆனால் யாராவது விசாரித்தால், ஏகமனதாகத் தெரிவு செய்யப்பட்டவர் என்று கூசாமல் சொல்லுவார். பதவி என்றால் மனிதருக்கு அப்படி ஒரு பலவீனம். அதை அவரும் மறுப்பதில்லை. கடவுள் வந்து வரம் கேள் என்றால் முதலில் மைக்கைக் கேட்பேன், மோட்சம் பிறகு என்று அவரே சொல்லிச் சிரிப்பதுண்டு.

புரொபெசோரே என்கிற அந்தப் பேராசிரியருக்கு வயது எண்பதைத் தாண்டிவிட்டது. வியா மக்வேதாத் தெருவுக்குப் பின்னால் ஒரு பழைய மாளிகையின் மூன்றாம் மாடியில் இருக்கிறார். ரோமானியச் சட்டம் படிப்பித்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்ற நாள் தொடக்கம் ஒரே புத்தகத்தை எழுதிக்கொண்டிருக்கிறார். அவரைக் குளிக்க வார்த்து, உடுப்புப் போட்டு, சூப் பருக்கி, மருந்து கொடுப்பது கோபாலசிங்கத்தின் வேலை. மற்ற நேரமெல்லாம் பேசாமல் இருக்கும் கிழவர், சவரம் செய்யும்போதுதான் வாயைத் திறப்பார். தொண்டையில் கத்தி இருக்கும்போது பேசுகிறவரை அலட்சியம் செய்ய முடியுமா? கையை நிறுத்திவிட்டுக் கேட்டுத்தான் ஆக வேண்டும்.

கேட்டதில் பாதிதான் விளங்கியது. விளங்கிய பாதி இதுதான். ரோமாபுரி சிசிலியை ஆண்ட காலத்தில் ஆளுநர் ஒரே ஊரில் குந்திக்கொண்டு இருக்கவில்லை. தீவை நீதி வட்டங்களாகப் பிரித்து வைத்திருந்தார்கள். சிராக்கூசா ஒன்று, அக்ரிஜெந்தோ ஒன்று, மர்சாலாப் பக்கம் ஒன்று, இந்தப் பலெர்மோ ஒன்று. கொன்வெந்துஸ் என்று அதற்குப் பெயர். குறித்த நாளில் ஆளுநர் எழுத்தர்கள், சேவகர்கள் புடைசூழ அந்த வட்டத்தின் தலை ஊரில் வந்து இறங்குவார். சுற்றுப்பட்டுச் சனம் தங்கள் வழக்குகளைத் தூக்கிக்கொண்டு அங்கே வந்து கூடும். ஆளுநர் ஒரு மடக்குக் கதிரையை விரித்து அதில் இருந்து விசாரிப்பார். முடிந்ததும் கதிரையை மடக்கிக்கொண்டு அடுத்த வட்டத்துக்குப் போவார்.

மற்றதெல்லாம் அரைகுறையாக விளங்கினாலும் மடக்குக் கதிரை அவருக்கு மிகத் துல்லியமாக விளங்கியது.

"உங்கள் ஆட்களுக்குள் சண்டை வந்தால் யார் தீர்ப்பது?" என்று கிழவர் நுரைக்குள்ளால் கேட்டார்.

"நாங்கள் தீர்ப்பதில்லை, புரொபெசோரே. கதைக்காமல் விட்டுவிடுவோம்" என்றார் கோபாலசிங்கம்.

கிழவர் அதைக் கனநேரம் யோசித்துவிட்டு, ரோமானியர்களுக்கு இந்த முறை தெரியாமல் போய்விட்டதே என்று கவலைப்பட்டார். கோபாலசிங்கத்துக்கோ வேறு யோசனை ஓடத் தொடங்கிவிட்டது. அன்று கிழவரின் வலது கன்னம் சரியாக மழிக்கப்படவில்லை.

அடுத்த கிழமையே மொண்டெல்லோ கடற்கரைக்குப் போகிறவர்கள் கொண்டுபோகும் மடக்குக் கதிரை ஒன்றை வாங்கினார். நீலமும் வெள்ளையுமாகக் கோடு போட்டது. வியா மக்வேதாவில் மளிகைக் கடை வைத்திருக்கும் யசிந்தனை எழுத்தராக நியமித்தார். யசிந்தன் மாட்டேன் என்று சொல்லத் தெரியாத பெடியன். அதனால்தான் கடையும் கடனில் ஓடுகிறது. சேவகர்கள் கிடைக்கவில்லை. ரோமானியச் சேவகர்களைப் போலப் பிரம்புக் கட்டும் கோடரியும் தூக்கிக்கொண்டு முன்னால் நடக்க யார் வருவார்கள்? வந்தாலும் பொலிஸ் பிடிக்கும்.

இனி நகரத்தைப் பிரிக்க வேண்டும். இங்கேதான் நம்மவர் மட்டுமே விடக்கூடிய பிழையைக் கோபாலசிங்கம் விட்டார். யார் எந்த வட்டம் என்பதை ரெசிடென்சாவை வைத்து, அதாவது அடையாள அட்டையில் பதிந்திருக்கும் விலாசத்தை வைத்து முடிவு செய்தார். பலெர்மோத் தமிழரின் ரெசிடென்சா எங்கே இருக்கிறது என்பது உலகறிந்த விசயம். பணக்காரர் பகுதியான லிபெர்த்தாவில் பெரிய வீடுகளில் தங்கி வேலை செய்கிற சனம், அந்த விலாசத்தில் பதிய வீட்டுக்காரர் விடமாட்டார்கள் என்பதால், ஒரேத்தோப் பக்கம் ஒரு மச்சான் வீட்டிலோ சித்தப்பா வீட்டிலோ பதிந்து வைத்திருக்கும். ஒரேத்தோவில் சில வீடுகளில் பதிந்திருக்கிற ஆட்கள் எல்லோரும் ஒரே நாளில் வந்து நின்றால் படிக்கட்டு இடிந்து இறங்கிவிடும். ஆகவே ஆளுநரின் கணக்கில் ஒரேத்தோ மாபெரும் வட்டம், மக்வேதா நடுத்தர வட்டம். லிபெர்த்தாவில் ஒரு தமிழரும் இல்லை.

அவருடைய சொந்த மனைவி பதினொரு வருடமாக லிபெர்த்தாவில்தான் படுத்து எழும்புகிறாள் என்பது அவருக்கு அப்போது ஞாபகம் வரவில்லை. ஞாபகம் வந்திருந்தாலும் அடையாள அட்டையைத்தான் நம்பியிருப்பார்.

நாகபூசணி அங்கே ஒரு வயதான சின்யோராவோடு, அதாவது வீட்டுக்கார அம்மாவோடு, தங்கி வேலை செய்தாள். இந்த ஊரில் வீட்டு வேலைக்காரருக்கு ஞாயிறும் வியாழன் பின்னேரமும் லீவு. ஆனால் சின்யோரா போன வருடம் விழுந்து இடுப்பை முறித்த பிறகு ஞாயிறும் போய்விட்டது. மிஞ்சியது வியாழன் பின்னேரம் ஒன்றுதான். ஒரேத்தோ வீட்டில் தனியே இருக்கும் கோபாலசிங்கம் பஸ் ஏறி அங்கே போவார். இருவரும் பூங்காவைச் சுற்றி நடப்பார்கள், ஒரு பாரில் இருந்து ஏதாவது குடிப்பார்கள், மகள் அபிதா பொலோஞ்ஞாவில் இருந்து அனுப்பிய படங்களைப் பார்ப்பார்கள், இருட்ட முதல் பிரிந்துவிடுவார்கள். அவர்களுடைய கலியாண வாழ்க்கை வியாழன் பின்னேரங்களில்தான் நடந்துகொண்டிருந்தது. நீதிமன்றம் கூட்டுவதற்கும் வியாழன் பின்னேரத்தைத்தான் கோபாலசிங்கம் தெரிவு செய்தார். சனம் ஓய்வாக இருக்கும் நேரம் வேறு எது?

முதல் அமர்வுக்கு இரண்டு நாள் முன்னர் நாகபூசணி தொலைபேசி எடுத்தாள்.

"இஞ்சாருங்கோ, சின்யோராவை மகன் தொரீனோவுக்குக் கூட்டிக்கொண்டு போகப் போறாராம். என்னையும் வரச்சொல்லிக் கேக்கினம். மாத முடிவுக்குள்ளை பதில் சொல்ல வேணும்."

"நீர் என்ன சொன்னனீர்?"

"ஒண்டும் சொல்லேல்லை. உங்களோடை முகம் பாத்துக் கதைக்க வேணும். வேறை ஒரு யோசினையும் இருக்கு. வியாழக்கிழமை வாங்கோ."

"வியாழன் ஒரேத்தோவிலை முதல் அமர்வெல்லோ. போனிலை சொல்லுமன்."

"போனிலை சொல்லுற கதை இல்லை."

கோபாலசிங்கம் பயந்துபோனார். தொரீனோ என்றால் இத்தாலியின் வடக்கு முனை, விமானத்தில் போக வேண்டிய இடம். அங்கே போனால் வியாழனும் இல்லை. ஆனால் அந்தப் பயத்தை அவர் ஒரு பக்கமாக ஒதுக்கி வைத்தார். நாகபூசணி எங்கே போவாள்? பதினொரு வருடம் போகாதவள் இனிப் போவாளா? மாத முடிவுக்கு இன்னும் நாள் கிடக்கிறது. அப்படித் தன்னைத் தானே தேற்றிக்கொண்டு, சட்டையை மினுக்கினார்.

ஒரேத்தோவில் மன்றத்தின் நிலவறை மண்டபத்தில் முதல் அமர்வு நடந்தது. சும்மா சொல்லக்கூடாது, சனம் வந்தது. வந்தவர்களில் பாதிப் பேர் ஆளுநரின் கதிரையைப் பார்க்க வந்தவர்கள். வழக்கு, ஒரே வீட்டை வாடகைக்கு எடுத்திருந்த இரண்டு குடும்பங்களுடையது. சனிக்கிழமை அடுப்பு யாருக்கு? ஒரு குடும்பம் சனிக்கிழமை மரக்கறி, மற்றக் குடும்பம் சனிக்கிழமைதான் இறைச்சி காய்ச்சும். கோபாலசிங்கம் இரண்டு பக்கத்தையும் கடைசிச் சொல்வரை கேட்டார். இடையில் ஒருவரையும் குறுக்கிட விடவில்லை. கடைசியில் காலையில் மரக்கறி, மத்தியானத்துக்குப் பிறகு இறைச்சி என்று தீர்த்தார். அது அவர்கள் ஏற்கெனவே செய்துவந்ததுதான். ஆனாலும் ஒரு ஆள் கதிரையில் இருந்து பொறுமையாகக் கேட்டுச் சொன்னதால் இரண்டு பகுதிக்கும் பரம திருப்தி. கோபாலசிங்கத்துக்குத் தலைகால் தெரியவில்லை.

நாகபூசணி மறுபடி எடுத்தாள்.

"இந்த வியாழனும் வரமாட்டியளோ?"

"இந்த வியாழன் மக்வேதா வட்டம். யசிந்தன்ரை கடைக்குப் பின்னாலை."

"அப்ப லிபெர்த்தாவுக்கு எப்ப?"

"லிபெர்த்தாவிலை எங்கடை ஆக்கள் ஒருத்தரும் இல்லையே."

"நான் ஆர்?"

"உம்மடை ரெசிடென்சா ஒரேத்தோவிலை எல்லோ. நீர் ஒரேத்தோ வட்டம்."

"அப்ப என்ரை புருசனோடை கதைக்க நான் ஒரேத்தோவுக்கு வந்து வரிசையிலை நிக்க வேணும், என்ன?"

"முன்னுரிமை தரலாம்" என்று கோபாலசிங்கம் பகிடி விட்டார். அது நல்ல பகிடி என்றே அவர் நினைத்தார். மறுமுனையில் சிரிப்பு வரவில்லை. தொலைபேசி வைக்கப்பட்டுவிட்டது என்பது தெரிய அவருக்குச் சற்று நேரம் எடுத்தது.

மக்வேதா வட்டத்து வழக்கு, பூப்பெய்திய ஒரு பிள்ளையின் சாமத்திய வீட்டு வீடியோவைப் பற்றியது. பிள்ளையின் பெரியப்பா குடும்பம் வீடியோவில் ஒரு இடத்திலும் இல்லை. அவர்கள் கொண்டுவந்த கேக் மட்டும் இருக்கிறது. வெட்டியது வேண்டுமென்றா, தற்செயலா? அரிசிச் சாக்குகளுக்கு நடுவே கதிரையைப் போட்டு இருந்து அவர் முழு வீடியோவையும் பார்த்தார். அது நீளமான வீடியோ. பார்த்து முடித்தபோது வெளியே தெருவிளக்குகள் எரிந்தன. அந்த நேரம் லிபெர்த்தாவில் ஒருத்தி என்ன செய்துகொண்டிருப்பாள் என்ற நினைவு ஒருமுறை வந்துதான் போனது. ஆனால் பெரியப்பா அழத் தொடங்கிவிட்டார், ஆளுநர் அவரைக் கவனிக்க வேண்டியதாயிற்று.

அமர்வு முடிந்து கதிரையை மடக்கும்போது அமலினி வந்தாள். மன்னாரிலிருந்து வந்த பெண், அவளும் லிபெர்த்தாவில் ஒரு வீட்டில் தங்கி வேலை செய்பவள்.

"அண்ணை, எங்கடை பக்கமும் ஒரு வழக்குக் கிடக்கு. லிபெர்த்தாவுக்கு ஒருக்கால் வாங்கோ."

"ஆற்றை வழக்கு?"

"வந்தால் தெரியும். பூங்காவிலை எல்லாரும் இருப்பம்."

கோபாலசிங்கத்துக்குச் சந்தோசத்தில் புழுகம் தாங்கவில்லை. கணக்கில் ஆளே இல்லாத வட்டம் தானாக முன்வந்து ஆளுநரை அழைக்கிறது. போகிற வழியில் நாகபூசணியையும் பார்த்து, தொரீனோக் கதையையும் முடித்துவிடலாம் என்று திட்டம் போட்டார். ஒரே கல்லில் இரண்டு மாங்காய் என்று அவர் மனம் துள்ளியது. மாத முடிவு கடந்துவிட்டது என்பதைக் கலண்டரில் பார்க்க அவருக்கு நேரம் இருக்கவில்லை.

ஜார்தினோ இங்கிளேசே பூங்காவில், அடுத்த வியாழன் பின்னேரம், பனைகளுக்குக் கீழே வாங்குகளில் நம் பெண்கள் நிறையப் பேர் இருந்தார்கள். லீவு கிடைத்தவர்கள் சும்மா இருந்தார்கள். கிடைக்காதவர்கள் தங்கள் சின்யோராக்களைச் சக்கர நாற்காலியில் வைத்துக்கொண்டு இருந்தார்கள். இத்தனை பேரா என்று கோபாலசிங்கம் திகைத்துப்போனார். தன்னுடைய மிகப் பெரிய வட்டத்தைத்தான் கணக்கில் விட்டிருந்தார் என்பது அங்கே நின்றபோதுதான் உறைத்தது. கதிரையை விரித்தார். யசிந்தன் பேனையை எடுத்தான்.

"வழக்குக்காரர் முன்னாலை வரலாம்."

நாகபூசணி எழும்பி வந்தாள். பச்சைச் சட்டை போட்டிருந்தாள். கையில் ஒரு பெரிய சூட்கேஸ், சில்லு வைத்தது. அதைத் தன் பக்கத்தில் நிறுத்திவிட்டு நிமிர்ந்து நின்றாள். யசிந்தன் கொடுப்புக்குள் சிரித்தான். பிறகு அவளுடைய முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரிப்பை விழுங்கினான்.

"வழக்குக்காரி நான்தான். பிரதிவாதி என்ரை புருசன்" என்றாள்.

கோபாலசிங்கம் பேயறைந்தவர் போல் இருந்தார். ஆளுநர் மேலேயே வழக்கு வந்தால் என்ன செய்வது? புரொபெசோரே இதைப் பற்றியும் ஒருநாள் ஏதோ சொன்னார். பதவியில் இருக்கும்வரை ஆளுநரை அந்த நாட்டில் ஒருவரும் விசாரிக்க முடியாது, பதவி முடிந்து ரோமாபுரிக்குத் திரும்பிய பிறகுதான் பிடிக்கலாம் என்று. அந்த நேரம் அது நல்ல சட்டமாகத்தான் தெரிந்தது. இப்போது அவருடைய கண் சூட்கேஸை விட்டு அகலவில்லை. தொரீனோ. போகத்தான் வந்து நிற்கிறாள், சொல்லிவிட்டுப் போக. அவளை இழந்துவிடுவோம் என்ற பயம் அப்போதுதான் முழுசாக வந்தது. பயந்த மனிதன் செய்வதையே அவரும் செய்தார். குரலை உயர்த்தினார்.

"விசாரிக்க ஒண்டும் இல்லை. எனக்கு விசயம் தெரியும். வழக்குக்காரி தொரீனோவுக்குப் போகக் கூடாது. குடும்பத்தை விட்டுட்டு அங்கை போறது முறை இல்லை. இதுதான் தீர்ப்பு. யசிந்தன், எழுது."

யசிந்தன் எழுதவில்லை. ஒரு சக்கர நாற்காலியில் இருந்த கிழவி, யார் இந்த ஆள் என்று இத்தாலிய மொழியில் உரக்கக் கேட்டாள். அமலினி குனிந்து, ஆளுநர் என்று பதில் சொன்னாள். கிழவி தலையை ஆட்டிக்கொண்டு, பார்த்தாலே தெரிகிறது என்றாள்.

"சின்யோரா திங்கக்கிழமையே போட்டா" என்றாள் நாகபூசணி. "நான் வரேல்லை எண்டு சொல்லிப்போட்டன்."

கோபாலசிங்கத்தின் முகம் மலர்ந்தது. அந்தச் சந்தோசத்தில் கதிரையை விட்டே எழும்பிவிட்டார். "அப்ப பிரச்சினை முடிஞ்சுதே."

"இருங்கோ. நான் இன்னும் சொல்லி முடிக்கேல்லை."

அவர் இருந்தார்.

"தொரீனோவுக்குப் போக நான் ஒருநாளும் நினைக்கேல்லை. என்ரை யோசினை வேறை. தங்கி வேலை செய்தது காணும், வீட்டை வருவம் எண்டு நினைச்சன். மணித்தியால வேலை ரெண்டு வீடு பிடிச்சால் காணும். அபிதான்ரை அறையிலை உங்கடை மன்றத்து ஸ்பீக்கரும் பனரும் கிடக்கு. அதுகளை எடுப்பியளோ, நான் வந்தால் உங்களுக்குப் புழுகமோ எண்டு கேக்கத்தான் வரச் சொன்னனான். இதைப் போனிலை கேக்க எனக்கு வெக்கமாக் கிடந்தது."

கோபாலசிங்கம் கதிரையின் விளிம்புக்கு வந்தார்.

"முதல் வியாழன் இந்தப் பூங்காக் கேற்றடியிலை, எப்பிடியும் வருவியள் எண்டு நிண்டன். அடுப்பு வழக்கு. மற்ற வியாழனும் நிண்டன். வீடியோ வழக்கு. சின்யோரா வெளிக்கிட்டா. எனக்குப் படுக்க இடம் வேணும். இந்த மூண்டு நாளும் அமலினிக்குப் பக்கத்திலை ஒடுங்கிக் கிடந்தன். சின்யோராவின்ரை தங்கச்சி மொண்டெல்லோவிலை இருக்கிறா, தங்கி வேலை செய்ய ஆள் கேட்டவ. நேற்று ஓம் எண்டு சொல்லிப்போட்டன். இண்டைக்கே போறன்."

"என்னட்டைக் கேக்காமல்..." என்று தொடங்கி, தொடங்கிய அதே நொடியில் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது அவருக்கு.

அவள் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"பேந்தேன் வழக்கு வைச்சனீர்?" என்று அவர் மெல்லக் கேட்டார். "எல்லாம் முடிஞ்சுதெண்டால்."

"நீங்கள் எல்லாற்றை கதையையும் கடைசிமட்டும் கேக்கிறியளாம். ஒரேத்தோவிலை எல்லாரும் புகழினம். குறுக்கை ஒருத்தரையும் கதைக்க விடமாட்டியளாம். எனக்கும் ஒருக்கால் அப்பிடிக் கேப்பியள் எண்டு நினைச்சன்." சூட்கேஸின் பிடியை இழுத்தாள். "ஆனால் என்ரை வழக்கிலை தீர்ப்பு முதல் வந்திட்டுது."

கோபாலசிங்கம் எழும்பி, கதிரையை மடக்க முயன்றார். அது மடங்கவில்லை. கண்ணில் நீர் நிறைந்திருந்ததால் கொளுக்கி தெரியவில்லை. யசிந்தன் வந்து வாங்கி மடக்கினான்.

"அண்ணை, இதிலை என்ன எழுத?"

"ஒண்டும் எழுதாதை. கதிரையைக் கொண்டுபோய்க் கடைக்கு வெளியிலை போடு. ஆரும் கால் நோகிற சனம் இருக்கட்டும்."

நாகபூசணி கேற்றை நோக்கி நடந்தாள். அவர் ஓடிப்போய்ச் சூட்கேஸைப் பிடித்தார். அவள் விட்டாள். பதினொரு வருடத்து உடுப்பும் சாமானும் அதற்குள் இருந்தன. ஆனாலும் அவ்வளவு பாரம் இல்லை. அது அவரை மேலும் வருத்தியது.

மொண்டெல்லோ பஸ்ஸில் இருவருக்கும் பக்கத்துப் பக்கத்து இருக்கை கிடைத்தது. அவள் கதைத்தாள். சின்யோரா போகும்போது அழுததைச் சொன்னாள். பூனையை யாரிடம் விட்டார்கள், அடுப்படி யன்னல் எப்படிப் பூட்ட மறுக்கும், இடுப்பு முறிந்த அன்று தான் தனியாக அவவைத் தூக்கியதில் தன் முதுகு இன்னும் நோவது, அதை அவருக்குச் சொன்னால் தலைவர் வேலைக்கு நடுவில் கவலைப்படுவார் என்று சொல்லாமல் விட்டது. ஒவ்வொன்றுக்கும் அவரிடம் ஒரு புத்திமதி தயாராக வந்தது. ஒவ்வொரு தடவையும் அதை விழுங்கினார். இவ்வளவு கதை இந்த மனுசியிடம் இருந்ததா, இதையெல்லாம் கேட்காமல் ஒரு சாமத்திய வீட்டு வீடியோவை முழுசாகப் பார்த்தேனா என்று தன்னைத் தானே ஏசிக்கொண்டு வந்தார். அவரைப் போல ஒரு மடையனைச் சிராக்கூசா தொடக்கம் மர்சாலா வரை எந்த வட்டத்திலும் காணமாட்டீர்கள் என்பது அன்று அவர் தன்னைப்பற்றிக் கொடுத்த தீர்ப்பு. அதற்கு மேன்முறையீடு இல்லை.

புது வீட்டுக்கு வெள்ளை மதில், பெரிய இரும்புக் கேற். மணியை அடிக்க முதல் நாகபூசணி திரும்பினாள்.

"இஞ்சை லீவு வியாழன் இல்லை. புதன் பின்னேரம்."

புதன் பின்னேரம் புரொபெசோரேயை வைத்தியசாலைக்குக் கூட்டிப்போகும் நாள். இத்தனை வருடத்தில் கோபாலசிங்கம் அதை ஒருமுறையும் மாற்றக் கேட்டதில்லை. கேட்கக்கூடிய ஆளாகத் தன்னை அவர் நினைத்ததே இல்லை. நகரம் முழுவதையும் வட்டம் வட்டமாகப் பிரித்த மனிதர், தன்னுடைய ஒரு பின்னேரத்தை இடம் மாற்ற இனிக் கிழவரின் மகளிடம் போய்க் கையைப் பிசைந்துகொண்டு நிற்க வேண்டும்.

"நான் கேட்டு மாத்துறன். புதன் வாறன்" என்றார்.

"கேட்டுப் பாருங்கோ." அவள் சூட்கேஸைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். "ஆனால் ஒண்டு சொல்லிப்போட்டன். கேற்றடியிலை நான் இனிக் காத்துக்கொண்டு நிக்கமாட்டன். நீங்கள் வந்து மணியை அடிச்சால் இறங்கி வருவன்."

கேற் திறந்தது. உள்ளே இருந்து யாரோ இத்தாலியத்தில் வா என்று கூப்பிட்டார்கள். அவள் போனாள். கோபாலசிங்கம் மதிலில் இருந்த மணி எங்கே இருக்கிறது என்று இருட்ட முதல் ஒருமுறை சரியாகப் பார்த்துவிட்டு, பஸ் தரிப்புக்கு நடந்தார்.